அப்பத்தாவைப் பொம்மையாகச் செய்ய: முகத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

கேள்வி இதுதான். தில்லி மயூர் விஹாரில் இருக்கும் ஒருவர், சிவகங்கைப் பக்கத்து அப்பத்தாவை ஒரே ஒரு பொம்மையாக, அச்சு இல்லாமல் கையாலேயே செய்து இந்த நவராத்திரிக்கு வீட்டில் வைக்க ஆசைப்படுகிறார். ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, சின்ன இரும்பு உரலில் வெற்றிலை இடிக்கும் அப்பத்தா. மே மாதம் காற்றில் உலரும் களிமண்ணில் இரண்டு தலை செய்தாராம். இரண்டும் வெடித்துவிட்டன. வெடிப்பதற்கு முன்பும் முகம் துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மை மாதிரிதான் இருந்ததாம். எந்த மண் வாங்குவது, முகம் ஏன் வரவில்லை, அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையை வெட்டிப் பொம்மைக்கு உடுத்தலாமா என்று கேட்கிறார். கூடவே ஒரு தகவல்: அப்பத்தா காதை இழுத்துத் தொங்கிய தன் தண்டட்டியை விற்றுத்தான் மகனைக் கல்லூரிக்கு அனுப்பினாராம்.

நான் முனிர்காவில் இருந்துகொண்டு பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்ட சேலைக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. நீங்கள் தலையில் தொடங்கினீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். தொடங்க வேண்டிய இடம் துணி.

மண்ணை எந்த அளவுக்கும் பிசையலாம், கம்பியை எந்த நீளத்துக்கும் வெட்டலாம். துணியின் கட்டமும் கரையும் நூலின் கனமும் மட்டும் நம் பேச்சைக் கேட்காது. உங்கள் அப்பத்தா 5 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு அளவில் செய்தால் நின்ற உயரம் 15 அங்குலம், உட்கார்ந்தால் சுமார் 8 அங்குலம். கொலுப்படிக்கு வசதியான உயரம். அந்த அளவில், நிஜச் சேலையில் நான்கு விரல் அகலமுள்ள கரை பொம்மைக்கு ஒரு விரல்தான் இருக்க வேண்டும். ஓர் அங்குலக் கட்டம் கால் அங்குலமாக வேண்டும். அப்பத்தாவின் சேலையை வெட்டி அப்படியே சுற்றினால் என்ன ஆகும் தெரியுமா? பாட்டி சேலை கட்டியிருக்க மாட்டார், ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டிருப்பார். கண்டாங்கி கனமான பருத்தி வேறு. மடிப்பு விழாது, விறைத்து நிற்கும்.

ஆகவே முதலில் கடைத்தெருவுக்குப் போங்கள். கனாட் பிளேஸ் பக்கம் சங்கர் மார்க்கெட்டில் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. சின்னக் கட்டம் போட்ட மெல்லிய பருத்தி, முடிந்தால் மல்மல் கனத்தில், அரக்குச் சிவப்பிலோ கடுகு மஞ்சளிலோ தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆண்களின் கட்டம் போட்ட கைக்குட்டையைப் பாருங்கள். என் பொம்மைகள் பாதிக்கு மேல் கைக்குட்டை உடுத்தியவர்கள்தான். கரைக்கு சாந்தினி சௌக்கில் கினாரி பஜார். அந்தச் சந்துக்குள் போனால் அரை அங்குல, கால் அங்குல நாடாக்கள் மலை மாதிரி குவிந்திருக்கும். ஜரிகைப் பளபளப்பில் மயங்கிவிடாதீர்கள், உங்கள் அப்பத்தாவுக்கு வேண்டியது பளபளப்பில்லாத பருத்தி நாடா. கையில் கிடைத்த துணியின் கட்டத்தை அளந்து, நிஜக் கட்டத்தோடு வகுத்துப் பாருங்கள். வருகிற விகிதம்தான் உங்கள் பொம்மையின் அளவு. கால் பங்கு என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், துணி ஐந்தில் ஒன்று என்றால் ஐந்தில் ஒன்று.

வாங்கிய துணியைக் கஞ்சி போகும்வரை ஐந்தாறு தடவை துவையுங்கள். புதுத்துணி கட்டிய கிழவி பொருந்தாது.

அடுத்து மண். காற்றில் உலரும் மண் ஏன் வெடித்தது? அதிலுள்ள தண்ணீர் வெளியேறும்போது மண் சுருங்குகிறது. உள்ளே நீங்கள் வைத்த உருண்டை சுருங்காது. மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் இருக்கும், இழுபறியில் தோல் பிளக்கிறது. தில்லியின் மே மாதத்தில், லூ என்னும் அனல்காற்று வீசும் அறையில், மின்விசிறிக்குக் கீழே காய வைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? அதே மண்ணை ஆகஸ்டு மாதத்தில், சின்ன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து நான்கைந்து நாள் மெதுவாகக் காய வைத்திருந்தால் பிழைத்திருக்கும். மண்ணை ஒரே கனத்தில், 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசி, காய்ந்தபின் கீறி நனைத்து அடுத்த பூச்சு கொடுத்தால் இன்னும் நல்லது. வெடித்த தலைகளைத் தூக்கி எறியாதீர்கள். அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி விரிசலுக்குள் அடைக்கலாம். பயிற்சிக்கு ஆகும்.

ஆனால் இந்தப் பொம்மைக்கு நான் சொல்வது பாலிமர் களிமண். பேருக்குத்தான் களிமண். பி.வி.சி. பிளாஸ்டிக் தூளும் அதை இளக்கும் எண்ணெயும் கலந்த பண்டம் அது. தண்ணீர் இல்லாததால் காய்ந்து சுருங்கும் தொல்லை இல்லை. சுடும்வரை இளக்கமாகவே இருக்கும், ஒரு விரலை மூன்று நாள் உட்கார்ந்து திருத்தலாம். சுட்டபின்னும் அதன்மேல் மண் சேர்த்து மறுபடி சுடலாம். பொட்டலத்தில் போட்டிருக்கும் வெப்பநிலைதான் சட்டம், பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். 6 மில்லிமீட்டர் கனத்துக்கு அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். தலைக்குள் தெர்மாகோல் உருண்டை வைத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் அது உருகிச் சுருண்டுவிடும். அலுமினியத் தாளைக் கசக்கி இறுக்கி உருட்டி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு ஓ.டி.ஜி. என்னும் சின்ன மின்சார அடுப்பின் திருகில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். என் முதல் பொம்மையின் இரண்டு கைகளையும் 130-ல் வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் கை கரி, வீடு முழுக்கத் தொண்டையைப் பிடிக்கும் புகை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுகிறார். உள்ளே நிஜமாக எத்தனை டிகிரி இருந்ததோ! பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும், விளையாட்டில்லை. தனியாக விற்கும் அடுப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். சமைக்கும் அடுப்பையே இதற்கும் பயன்படுத்தாமல் இருந்தால் நல்லது. மண் பொட்டலத்தைப் பால்கனியில் வைத்துவிடாதீர்கள், தில்லி வெயிலில் அது பொட்டலத்துக்குள்ளேயே பாதி இறுகிவிடும்.

உத்தம் நகர் குயவர்களிடம் கொடுத்துச் சூளையில் சுடலாமே என்று தோன்றலாம். அங்கே செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் கம்பி வைத்த, விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய கை சூளைக்குச் சரிப்படாது. பண்ருட்டிக் கொலு பொம்மை முன்பாதி பின்பாதி அச்சில் அழுத்தி ஒட்டுவது, உள்ளே கூடு. அதனால்தான் அது சூளையைத் தாங்குகிறது. அந்தப் பொம்மைகளின் கைகள் உடம்போடு ஒட்டியே இருப்பதும் அதனால்தான்.

உங்கள் பொம்மையில் தலை, கைகள், முழங்காலுக்குக் கீழே கால்கள் மட்டும் பாலிமர். உடம்பு துணி. உங்கள் அப்பத்தா ரவிக்கை போடாதவர் என்றால் இன்னொன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்: கழுத்தோடு நிறுத்தாமல் தோள்பட்டை, காறை எலும்பு, மேல்மார்பு வரை ஒரே துண்டாக மண்ணில் செய்யுங்கள். கீழ் ஓரத்தில் நான்கு ஓட்டை விட்டு அதைத் துணி உடம்போடு தைத்துவிடலாம். சேலை அந்தத் தையலை மறைத்துவிடும். ரவிக்கை போட்டவர் என்றால் கழுத்தோடு பிழைத்தீர்கள்.

உள்ளே எலும்புக்கூடு கம்பி. சாந்தினி சௌக் பகீரத் பேலஸில் மின்சாமான் கடைகளில் 3 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி கேளுங்கள். கையால் வளையும், வளைத்தபடி நிற்கும். அதை உட்கார வைத்துப் பார்ப்பதற்கு ஒரு மாலை முழுக்கச் செலவழியுங்கள். வெற்றிலை இடிக்கிற கிழவி எப்படி உட்காருவார்? ஒரு கால் நீட்டியிருக்கும், மறுகால் மடங்கியிருக்கும், உரலைப் பிடித்த கை பக்கம் தோள் இறங்கியிருக்கும், முதுகு வளைந்து தலை கொஞ்சம் முன்னால் தொங்கும். பார்வை உரலில் இருக்காது. இத்தனை வருடம் இடித்த கைக்குக் கண் தேவையில்லை, அவர் வாசலில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பியை அப்படி வளைத்துத் தூரத்தில் வைத்துவிட்டு வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். தலையே இல்லாத வெறும் கம்பியைப் பார்த்து உங்கள் அப்பா "அட, ஆத்தா!" என்றால் பொம்மை பாதி முடிந்தது. சொல்லவில்லை என்றால் எவ்வளவு நல்ல முகம் செய்தாலும் காப்பாற்றாது. துணிக்கடை பொம்மை போல ஆனதற்கும் காரணம் இதுதான். நேராக நிமிர்ந்த கழுத்தின் மேல் எந்த முகத்தை வைத்தாலும் அது விற்பனைக்கு நிற்கும்.

கம்பிமேல் உடம்பை அடைக்கப் பஞ்சு வேண்டும். அப்பத்தாவின் சேலை இங்கேதான் வருகிறது. நைந்துபோன உள்பக்கத்தைக் கொஞ்சம் கிழித்து, நாடா நாடாகச் சுற்றி இடுப்பும் வயிறும் செய்யுங்கள். கரையும் தலைப்பும் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும். இடுப்புக்கு அடியில் ஒரு சின்னப் பையில் மணல் போட்டுத் தைத்துவிட்டால் படியிலிருந்து கவிழாது.

இப்போது கைகள். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பொம்மை வெற்றிலை இடிக்கிறது, பார்க்கிறவர்களின் கண் முதலில் கைக்குத்தான் போகும். கையின் நீளம் முகவாயிலிருந்து நெற்றிமுடி தொடங்கும் இடம் வரை. உங்கள் கையை முகத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் கையைச் சின்னதாகச் செய்வார்கள். குழந்தைக் கை கிழவிக்கு ஆகாது, அதுவும் வயலில் வேலை செய்த கை. ஒவ்வொரு விரலுக்குள்ளும் மெல்லிய கம்பி வையுங்கள். விரல்களை வாழைப்பழம் மாதிரி உருட்டாதீர்கள். மூட்டுகள் தடிப்பாக, இடையில் ஒடுங்கி, நுனியில் நகம் தட்டையாக. நரம்புக்கு மண்ணைத் தலைமுடி போல உருட்டிப் புறங்கையில் வைத்து, இரண்டு பக்கமும் மட்டும் தேய்த்துக் கலந்துவிடுங்கள்.

முக்கியமான தந்திரம் ஒன்று. இடிக்கும் கையைத் தனியாகச் செய்து, சுட்டபின் உலக்கையைச் செருகலாம் என்று நினைக்காதீர்கள். பிடித்த மாதிரியே இருக்காது, சொருகிய மாதிரிதான் இருக்கும். உலக்கைக்கு ஓர் ஆணியைக் கொண்டை அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேலேயே விரல்களை மடக்கி, அழுத்தம் விழும் இடத்தில் சதை லேசாகப் பிதுங்க விட்டு, ஆணியோடு சேர்த்தே சுடுங்கள். இரும்புக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. உரல் நிஜத்தில் 3 அங்குலம் என்றால் பொம்மைக்கு முக்கால் அங்குலம். சாவ்ரி பஜாரில் பித்தளைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் ஏதாவது குழாய்த் துண்டோ மூடியோ அகப்படும், கறுப்பு அடித்தால் இரும்பாகிவிடும்.

கைகளைச் செய்வதற்கு முன் ஒரு நாள் பகதூர் ஷா ஜஃபர் மார்கில் இருக்கும் சங்கர் சர்வதேச பொம்மைக் காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். கார்ட்டூனிஸ்ட் சங்கர், ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒரு பொம்மையில் மனதைப் பறிகொடுத்து, சேகரிக்கத் தொடங்கி, 1965-ல் திறந்தது. அங்கே முகங்களைப் பார்க்காதீர்கள். ஜப்பானியப் பொம்மைகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று கைகளை மட்டும் பாருங்கள், பிறகு துணி எங்கே மடிகிறது என்று பாருங்கள். ஜப்பானில் பொம்மை செய்கிறவரைக் கலைஞராகவே மதிக்கிறார்கள். 1955-ல் ஹிராத்தா கோயோ என்பவருக்கு அரசாங்கம் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற தகுதியையே கொடுத்தது. சிப்பி ஓட்டுத் தூளைப் பசையில் குழைத்துப் பூச்சு மேல் பூச்சாகக் கொடுத்து அவர்கள் வரவழைக்கும் தோல் நிறத்தைப் பார்த்தால் நம் கடைகளில் விற்கும் ரோஸ் கலர் கைகள் ஞாபகம் வந்து வெட்கமாக இருக்கும்.

நிறம் என்றதும் சொல்லிவிடுகிறேன். 'தோல் நிறம்' என்று எழுதி விற்கும் மண் வெள்ளைக்காரர்களின் தோல் நிறம். உங்கள் அப்பத்தாவுக்கு நீங்கள்தான் கலக்க வேண்டும். ஒளி ஊடுருவும் மண்ணை முக்கால்வாசி எடுத்து, மரப்பழுப்பும் துளி சிவப்பும் சேருங்கள். கறுப்பாக வேண்டும் என்று கறுப்பு மண்ணைச் சேர்த்தால் சாம்பல் பூசிய மாதிரி செத்துப்போகும். கடுகளவு நீலம் சேருங்கள், கறுப்பு உயிரோடு வரும். சுட்டபின் மெல்லிய வண்ணப் பூச்சுகள்: முழங்கை, விரல் மூட்டு, கண்ணைச் சுற்றி ஒரு படி ஆழம், உள்ளங்கையும் பாதமும் ஒரு படி வெளுப்பு.

முகம். இப்போது செய்யலாம். கால் பங்கு அளவில் தலை 2 அங்குலம். மனிதக் கண்விழி சுமார் 24 மில்லிமீட்டர், ஆக இங்கே 6 மில்லிமீட்டர் வெள்ளைக் கண்ணாடி மணி போதும், கருவிழி 3 மில்லிமீட்டர். சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும். பெரிதாக்கிவிடாதீர்கள், பெரிதாக்கினால் உடனே கடைப் பொம்மை ஆகிவிடும். கண் இருக்கும் இடம் தலையின் உச்சிக்கும் முகவாய்க்கும் நட்டநடு. எல்லோரும் மேலே தூக்கி வைக்கிறார்கள், அப்புறம் மண்டை குறைந்துவிடுகிறது. கருவிழி வட்டம் முழுசாகத் தெரியக்கூடாது, மேல் இமை அதில் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். முழு வட்டம் தெரிந்தால் பேயைப் பார்த்த முகம்தான் வரும்.

வயதைச் சுருக்கத்தில் காட்டப் பார்க்காதீர்கள். ஊசியால் கோடு கோடாகக் கீறினால் இளம்பெண்ணின் முகத்தில் கீறல் விழுந்த மாதிரிதான் இருக்கும். வயது எலும்பில் தெரியும். பல் போனவர் என்றால் முகத்தின் கீழ்ப்பகுதி குட்டையாகி முகவாய் மூக்கை நோக்கி ஏறும், உதடு உள்ளே மடியும், மூக்கும் காதும் நீண்ட மாதிரித் தெரியும். இவற்றைச் செய்தபின் சுருக்கம் எங்கே விழ வேண்டும் என்று மண்ணே காட்டிக்கொடுக்கும். வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவார் என்று அப்பாவிடம் கேளுங்கள். அந்தக் கன்னம் ஒரு நெல் அளவு உப்பியிருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் முகம் யாருக்கும் கிடையாது. செய்யும்போது அடிக்கடி கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், கைப்பேசியில் படம் எடுத்துத் தலைகீழாகவும் பாருங்கள், கண்ணுக்குப் பழகிப்போன கோணல் அப்போதுதான் தெரியும்.

கண்ணுக்கு மட்டும் மினுமினுப்பு வார்னிஷ் ஒரு சொட்டு. மற்ற இடமெல்லாம் மினுங்காத பூச்சு. உதட்டில் வெற்றிலைக் கறையைத் தண்ணீராய்க் கரைத்த செம்பழுப்பில், ஓரங்களில் கசிந்த மாதிரி.

முடிக்குச் சவுரி வாங்கிவிடாதீர்கள். மனித முடி இந்த அளவுக்குக் கயிறு மாதிரி இருக்கும். முறுக்கில்லாத வெள்ளைப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து, பிடரியிலிருந்து மேல்நோக்கிக் கொத்துக் கொத்தாக ஒட்டி வாருங்கள். வகிட்டில் மண்டை தெரியட்டும். கொண்டை ஒரு சுண்டைக்காய் அளவு போதும்.

உடுத்துவதில் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். எட்டு கெஜச் சேலை என்றால் கால் பங்கில் 2 கெஜம். அத்தனையையும் சுற்றினால் இடுப்பு மூட்டையாகிவிடும், துணியின் கனம்தான் கால் பங்காகக் குறையவில்லையே. அதனால் வெளியே தெரியும் சுற்று மட்டும் நிஜம், உள்சுற்றுகள் வேண்டாம். பின்கொசுவத்தைத் தனியாக விசிறி போல மடித்துத் தைத்து இடுப்பில் சேருங்கள். அதன்மேல் பொம்மை உட்கார்ந்தால் சாய்ந்துவிடும், பின்னால் தரையில் விரிய விடுங்கள். இந்த அளவில் துணி தன் எடையால் தொங்காது, நாம்தான் தொங்க வைக்க வேண்டும். நீர்த்த மைதாக் கஞ்சியில் துளி மயில்துத்தம் போட்டு நனைத்து, மடிப்புகளைக் குண்டூசியால் பிடித்துக் காய விடுங்கள். மயில்துத்தம் விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். ஆனால் அது இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் பூச்சி கஞ்சியைத் தின்றுவிடும்.

காதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். தண்டட்டி செய்வது சுலபம், அலுமினியத் தாளிலும் பித்தளைத் தகட்டிலும் ஒரு மணி நேர வேலை. போடாதீர்கள் என்பேன். நீண்டு தொங்கும் வெறும் காதை மட்டும் செய்யுங்கள். சோணைக்குள் வளைத்த மெல்லிய கம்பி வைக்காவிட்டால் உடைந்துவிடும். ஓட்டை பெரிதாக, கீழ்ச்சதை நூல் போல மெலிந்து, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக. கொலு பார்க்க வருகிறவர்களில் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் இருந்தால், ஏன் காது வெறுமையாக இருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள்.

விற்பனை பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இதை விற்காதீர்கள். அடுத்ததை விற்பதானால் முதல் நாளிலிருந்தே மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த மாதிரிப் பொம்மைக்கு எனக்கு 120 மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. அந்த நோட்டு இல்லாமல் விலை சொன்னால் பேரம் பேசுகிறவர் சொல்வதுதான் விலை.

ஜூலையில் துணியும் கம்பியும், ஆகஸ்டில் கைகள் என்று வைத்துக்கொண்டால் நவராத்திரிக்கு அவசரமில்லாமல் முடியும். கைகள் இரண்டையும் சுட்டதும் படம் எடுத்து அனுப்புங்கள். தலை அதுவரை அலுமினியத் தாள் உருண்டையாகவே இருக்கட்டும்.